நடுங்குவதற்கு முன்பே தொடங்கும் நிலநடுக்கம்: ஹாரி ஃபீல்டிங் ரீட்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை காலை. கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் என் அத்தை பதறிப்போய்க் கைப்பேசியில் அழைத்தார். கூடத்து விளக்கு ஊஞ்சல் போல ஆடுகிறதாம், தலை சுற்றுகிறதாம். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டிலோ மேசை மேல் இருந்த தேநீர்கூட அசையவில்லை. சற்று நேரத்தில் செய்தி வந்துவிட்டது. சுமத்ராவின் பசாமான் வட்டாரத்தில் 6.1 அளவுள்ள மிதமான நிலநடுக்கம். அதன் அதிர்வு மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் மேற்குக் கரையின் உயரமான கட்டடங்களை ஆட்டியிருக்கிறது.

பெஸ்தாரி ஜெயாவை இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் என் பாட்டி இரண்டு கேள்விகள் கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் ஆடினது இந்தப் பக்கம் எப்படி வந்தது? அது ஏன் நேற்று வராமல் இன்றைக்கு வந்தது? முதல் கேள்விக்கு அலை, அதிர்வெண் என்று பள்ளியில் படித்ததை வைத்து ஒருவாறு விளக்கினேன். குறும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும், நெடிய அலைகள் வெகுதூரம் போகும், உயரமான கட்டடம் அந்த மெதுவான ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து ஆடும் என்றேன். இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகுதான், அந்தக் கேள்விக்கு அளவுகோலை எடுத்துக்கொண்டு விடை தேடிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் பெயர் ஹாரி ஃபீல்டிங் ரீட்.

ரீட் 1859ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். சிறுவயதில் சில காலம் சுவிட்சர்லாந்தில் படித்தார். மலையும் பனியும் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது அங்கேதான். பிறகு பால்டிமோரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1885இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கிளீவ்லாந்து நகரின் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அந்த வேலையை அவர் வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கோடை விடுமுறை வந்தால் பனியாற்றைத் தேடிப் போய்விடுவார்.

நிலநடுக்கத்தைப் பற்றிய கட்டுரையில் பனியாறு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ரீட் பின்னாளில் செய்த பெரிய காரியத்துக்கான பயிற்சி அங்கேதான் நடந்தது. 1890இல் அலாஸ்காவின் மூயர் பனியாற்றுக்கு ஒரு சிறு குழுவோடு போனார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர், அந்தப் பனியாறு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நகர்கிறது என்று எழுதியிருந்தார். ரீட் பனியின் மேல் குறுக்கே அடையாளக் கொடிகளை நட்டார். கரையில் நிலையான இடங்களிலிருந்து கோணங்களை அளந்தார். சில நாள் கழித்து மீண்டும் அளந்தார். கிடைத்த வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 2 மீட்டர்தான். சொல்லப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு! 1892இல் மறுபடியும் அதே வட்டாரத்துக்குப் போய் அளந்துவந்தார். அங்குள்ள ஒரு பனியாறு இன்றும் அவர் பெயரால் ரீட் பனியாறு என்று அழைக்கப்படுகிறது.

கண்ணுக்கு அசையாததாகத் தெரியும் ஒன்றின் மேல் புள்ளிகளைக் குறித்துவைத்து, இரண்டு வெவ்வேறு காலங்களில் அளந்து, வித்தியாசத்தைக் கணக்கிடுவது. இந்த ஒரு வித்தையைத்தான் அவர் பனியில் கற்றுக்கொண்டார். 1894இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கே திரும்பினார். இயற்பியலைப் பூமியின் மேல் பொருத்திப் பார்க்கும் ஆள் அந்த நாட்டில் அப்போது மிகக் குறைவு. அமெரிக்காவின் முதல் புவி இயற்பியலாளர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வது அதனால்தான்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18, அதிகாலை 5 மணி 12 நிமிடம். சான் பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. தொடர்ந்து மூண்ட தீ பல நாள் எரிந்தது. மாண்டவர்கள் 3,000 பேருக்கும் அதிகம் என்பது இன்றைய மதிப்பீடு. சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவு ஏறக்குறைய 470 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்திறந்திருந்தது. வேலிகள், சாலைகள், தோட்டத்து மர வரிசைகள் எல்லாம் அந்தக் கோட்டில் வெட்டுப்பட்டு, ஒரு பாதி வடக்கிலும் மறுபாதி தெற்கிலுமாக நின்றன. ஓரிடத்தில் ஒரு சாலை 6 மீட்டருக்கு மேல் விலகியிருந்தது. நம் பக்கத்துப் பால்மரக் காட்டில் நேராகப் பிடித்த ஒரு நிரை, நடுவில் துண்டாகி, பாதி நிரை பக்கத்து நிரையோடு போய்ச் சேர்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மூன்றே நாளில் மாநில ஆளுநர் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தார். ஆண்ட்ரூ லாசன் தலைமையிலான அந்தக் குழுவில் ரீட்டும் ஓர் உறுப்பினர். குழுவின் முதல் அறிக்கைத் தொகுதி 1908இல் வெளிவந்தது. எங்கே என்ன இடிந்தது, எங்கே எவ்வளவு விலகியது என்ற விவரங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. 1910இல் வந்த இரண்டாம் தொகுதியை எழுதியவர் ரீட். அது நடந்தது எப்படி என்பதை விளக்க முயன்ற தொகுதி.

அக்காலத்தில் நிலம் ஏன் நடுங்குகிறது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. நிலத்தடி வெடிப்பு, குகைச் சரிவு, எரிமலை என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். நிலப்பிளவைப் பலர் நடுக்கத்தின் விளைவாகவே பார்த்தார்கள். சுவர் ஆடினால் விரிசல் விழுவதுபோல், பூமி ஆடியதால் நிலம் கிழிந்தது என்பது அவர்கள் கணக்கு. கிழிந்ததால்தான் ஆடியது என்று அமெரிக்காவின் கில்பர்ட்டும் ஜப்பானின் கோட்டோவும் ஏற்கெனவே சந்தேகித்திருந்தார்கள். ஆனால் அதை எண்களால் காட்டியவர் இல்லை.

ரீட் கையில் எண்கள் இருந்தன. கலிஃபோர்னியாவின் கடற்கரை நில அளவையாளர்கள் மலையுச்சிகளையும் கலங்கரை விளக்கங்களையும் புள்ளிகளாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக அந்த நிலத்தை அளந்திருந்தார்கள். முதல் அளவீடு 1851க்கும் 1865க்கும் இடையே. இரண்டாவது 1874 முதல் 1892 வரை. நிலநடுக்கம் முடிந்ததும் 1906-07இல் மூன்றாவது. முதல் இரண்டும் வரைபடம் போடுவதற்காகச் செய்யப்பட்டவை. அளந்தவர்கள் யாரும் நிலநடுக்கத்தை நினைத்து அளக்கவில்லை.

கோலசிலாங்கூரில் புக்கிட் மலாவத்தி மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அது கட்டப்பட்டது 1907இல். ஏறக்குறைய அதே வேளையில், பசிபிக் பெருங்கடலின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே கடலில் இருக்கும் ஃபாரலோன் தீவின் கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கருவிகளைத் திருப்பி அளந்துகொண்டிருந்தார்கள். அந்த விளக்கம் நிலப்பிளவிலிருந்து மேற்கே 37 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அது இடம் மாறியிருந்தது.

ரீட் அந்த அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். பிளவுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த புள்ளிகள் சுமார் 1.5 மீட்டர் தெற்கே நகர்ந்திருந்தன. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருந்தவை 0.86 மீட்டர். ஆறு கிலோமீட்டரைத் தாண்டியவை 0.58 மீட்டர் மட்டுமே. மேற்குப் பக்கத்துப் புள்ளிகள் எதிர்த்திசையில், வடக்கே போயிருந்தன. அங்கேயும் பிளவுக்கு அருகில் 3 மீட்டரை எட்டிய நகர்வு, தொலைவு கூடக் கூடக் குறைந்தது. இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். நிலம் இரண்டு பலகைகள் போல விறைப்பாக வழுக்கியிருந்தால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அளவு அல்லவா நகர்ந்திருக்க வேண்டும்? பிளவின் ஓரம் அதிகமாகவும் தூரம் குறைவாகவும் நகர்ந்ததென்றால், பாறை முன்பே வளைந்து நின்றிருக்கிறது. பிடி விட்டதும் வளைவு நிமிர்ந்திருக்கிறது.

இதைக் காட்ட அவர் செய்த சோதனைக்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை. தீபாவளிக்கு வீட்டில் செய்யும் அகார் அகார் போன்ற கெட்டியான ஜெல்லியை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும்படி உறைய வைத்தார். ஒரு கட்டையிலிருந்து மறுகட்டைக்கு ஜெல்லியின் மேல் ஒரு நேர்க்கோடு போட்டார். ஒரு கட்டையைப் பக்கவாட்டில் அரை அங்குலம் நகர்த்தினார். ஜெல்லி வளைந்து கொடுத்தது, கோடு சாய்ந்தது. பிறகு கட்டைகளுக்கு இணையாக, ஜெல்லியின் நடுவில் கூரிய கத்தியால் வெட்டினார். அவ்வளவுதான், வெட்டின் இரு பக்கமும் எதிரெதிராகத் துள்ளி நிமிர்ந்தன. கோடு இரண்டாக உடைந்து விலகி நின்றது. கலிஃபோர்னியாவின் வேலிகள் நின்ற அதே கோலம். நானும் என் தம்பியும் இதை வீட்டில் செய்து பார்த்தோம். அகார் அகார் கொஞ்சம் தண்ணீராகிவிட்டால் வேலைக்கு ஆகாது, கெட்டியாகக் காய்ச்ச வேண்டும்.

இதில் என்னை அசர வைத்த ஒரு நுணுக்கம் உண்டு. கட்டையை நகர்த்திய பிறகு, வெட்டுவதற்குச் சற்று முன்பு, புதிதாக இன்னொரு நேர்க்கோடு போட்டால் என்ன ஆகும்? அந்தக் கோடு, ஏற்கெனவே வளைந்திருக்கும் ஜெல்லியின் மேல் நேராக இருக்கும். வெட்டியதும் ஜெல்லி நிமிரும், கோடுதான் வளையும். 1906க்குச் சற்று முன்பு நேராகப் போட்ட வேலி ஒன்று, நடுக்கத்துக்குப் பிறகு துண்டானதோடு வளைந்தும் போனதற்கு இதுதான் விளக்கம் என்றார் ரீட். வேலி போட்ட விவசாயி நேரான நிலத்தில் போட்டதாகவே நினைத்திருப்பார். அவர் காலடி நிலம் அதற்கு முன்பே வளைந்து கிடந்தது.

1911இல் இந்தக் கருத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் மீள்துள்ளல் கோட்பாடு எனலாம். பாட்டியிடம் சொல்ல எனக்கு இது வசதியாகப் போனது. வாழ்நாளில் பாதியைப் பால்வெட்டிலேயே கழித்தவருக்கு ரப்பரின் குணத்தை நான் சொல்லித்தரவா வேண்டும்? இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். கல்லுக்கும் அந்தக் குணம் உண்டு, மிகமிகக் கொஞ்சமாக. பல கிலோமீட்டர் அகலத்துக்கு அந்தக் கொஞ்சம் சேர்ந்தால் சில மீட்டர் ஆகிவிடும். பிளவின் இரு பக்கமும் உராய்வால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும்வரை வெளியே ஒரு சத்தமும் இருக்காது. திரிபு மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். பற்று தோற்கும் நொடியில்தான் நமக்கு நிலநடுக்கம். பூமியைப் பொறுத்தவரை அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட வேலை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. தன் கோட்பாட்டுக்கு இன்னொரு சாட்சி வேண்டும் என்று தேடிய ரீட், அதைக் கண்டது சுமத்ராவில். 1892ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தப்பானுலி வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. டச்சு ஆட்சியின் நில அளவையாளர் முல்லர் அப்போது அங்கே முக்கோண அளவீட்டின் நடுவில் இருந்தார். நடுக்கத்துக்கு முன் அளந்த கோணங்களும் பின் அளந்த கோணங்களும் ஒத்துப்போகவில்லை. தூண்கள் இடம் பெயர்ந்துவிட்டன என்று கண்டு அதை அவர் எழுதிவைத்தார். ரீட் 1913இல் அந்தக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியாவில் கண்ட அதே பாங்கு இங்கேயும். பிளவு ஏறக்குறைய 2 மீட்டர் நழுவியிருக்க வேண்டும் என்பது அன்றைய மதிப்பு. அந்தப் பிளவு, சுமத்ராவின் முதுகெலும்பு போல ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் ஓடும் சுமத்ரா பெரும்பிளவின் ஒரு துண்டு. கோலசிலாங்கூர்க் கரையிலிருந்து அதன் மிக அருகிலுள்ள பகுதி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 2022இல் என் அத்தையின் விளக்கை ஆட்டியதும் அந்தப் பிளவு வட்டாரத்தில், அதுவரை வரைபடத்தில் குறிக்கப்படாமல் இருந்த ஒரு கிளைதான்.

பாட்டியின் இரண்டாவது கேள்விக்கு ரீட் நெருங்கி வந்த இடம் இது. ஃபாரலோன் விளக்கமும் எதிர்ப்பக்க மலைகளும் ஐம்பது ஆண்டுகளில் 3.2 மீட்டர் விலகியிருந்தன. பிளவில் நழுவியது 6 மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் இவ்வளவு திரிபு சேர நூறு ஆண்டு ஆகியிருக்கும், அடுத்ததற்கும் அதே அளவு காலம் வேண்டும். சின்ன வகுத்தல் கணக்கு. அதோடு ஒரு திட்டமும் சொன்னார். பிளவுக்குக் குறுக்கே வரிசையாகத் தூண்களை நட்டு, அவ்வப்போது அளந்து வந்தால், வளைவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும், அடுத்த நடுக்கம் எப்போது நெருங்கும் என்பதையும் சொல்லலாம். பனியாற்றில் கொடி நட்ட அதே மனிதர்!

இந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்து, அதே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் பார்க்ஃபீல்டு என்ற குக்கிராமத்தில். அங்கே 6 அளவுள்ள மிதமான நடுக்கங்கள் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 ஆண்டுக்கு ஒருமுறை வந்திருந்தன. அடுத்தது 1993க்குள் வரும் என்று 1985இல் அறிவித்து, உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கருவிகளை அங்கே புதைத்துவைத்துக் காத்திருந்தார்கள். 1966இல் தீர்ந்த திரிபு 1987க்குள்ளாகவே மீண்டும் சேர்ந்துவிட்டது என்று அளவீடுகள் காட்டின. ஆனாலும் 1993 வந்தது, போனது. நடுக்கம் வந்தது 2004 செப்டம்பர் 28இல். 1934லும் 1966லும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடிய கிழிசல், இம்முறை எதிர்த்திசையில் ஓடியது. ரீட் சொன்ன பொறி சரியாக வேலை செய்தது, கடிகாரம்தான் ஓடவில்லை. பற்று எப்போது தோற்கும் என்பது எவ்வளவு திரிபு சேர்ந்தது என்பதை மட்டும் பொறுத்ததாக இல்லை.

அந்தப் பொறியை வைத்து இன்று ஒரு நிலநடுக்கத்தை எப்படிக் கணினியில் வடிக்கிறார்கள் என்பதை ஒரு சிறு கணக்காகவே காட்டிவிடலாம். 6 அளவுள்ள நடுக்கத்தில் 12 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பாறை முகம் சராசரியாக 40 சென்டிமீட்டர் நழுவுகிறது என்று கொள்வோம். பரப்பையும் நழுவலையும் பாறையின் விறைப்பையும் பெருக்கினால் வருவதுதான் அந்த நடுக்கத்தின் பருமன். 1966இல் கெய்ட்டி அக்கி என்ற ஜப்பானிய அறிஞர் வகுத்த முறை இது. கிழிசல் நொடிக்குச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஐந்தே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பாறை முகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எப்போது எவ்வளவு நழுவியது என்று வைத்தால் கருவிகளில் பதிவான அலை கிடைக்கும் என்று தேடுகிறார்கள். எந்தக் கட்டமும் ஒரே மாதிரி நழுவுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கு உள்ளேயும் இருப்பது ரீட்டின் ஜெல்லிதான்.

ரீட்டின் கணக்கில் இருந்த பெரிய ஓட்டையையும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தைப் பக்கவாட்டில் இழுப்பது யார்? ஜெல்லியில் கட்டையை நகர்த்தியது அவர் கை. பூமியில்? இதற்கு அவரிடம் உறுதியான விடை இல்லை. விடையின் வாசல் அவர் முன்னாலேயே திறந்தது என்பதுதான் வேடிக்கை. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெகனரின் நூலுக்கு 1922இல் மதிப்புரை எழுதியவர்களில் ரீட்டும் ஒருவர். அவர் அதை ஏற்கவில்லை, கடுமையாகவே மறுத்தார். ஒரு கலங்கரை விளக்கம் ஐம்பது ஆண்டில் 3 மீட்டர் நகர்ந்ததைக் காட்டியவருக்கு, கண்டமே நகரும் என்பது நம்பக் கூடியதாகப் படவில்லை. எண் இல்லாமல் எதையும் ஏற்காத பழக்கம் பனியாற்றில் அவருக்கு வெற்றி தந்தது, இங்கே காலை வாரிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வெகனரிடம் அப்போது நம்பத்தக்க எண்கள் இல்லை என்பதும் உண்மை. புவித்தட்டுகள் பற்றிய தெளிவு வருவதற்கு 1960கள் ஆயின.

1930இல் ரீட் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1944ஆம் ஆண்டு ஜூன் 18இல், 85ஆவது வயதில் காலமானார்.

அவர் கேட்ட தூண்களின் வேலையை இன்று செயற்கைக்கோள் நிலையங்கள் செய்கின்றன. நம் நாட்டிலும் நில அளவைத் துறையின் நிலையங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் பெருநடுக்கத்தில் லங்காவி சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்ததை அத்தகைய அளவீடுகள்தாம் காட்டின. சுமத்ராவிலும் முல்லரின் பழைய தூண்கள் சிலவற்றின் மேல் 1989 முதல் செயற்கைக்கோள் கருவிகளை வைத்து மறுபடி அளந்தார்கள். அதை வைத்துப் போட்ட புதிய கணக்கு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 1892இல் பிளவு நழுவியது 2 மீட்டர் அல்ல, ஏறக்குறைய நாலரை மீட்டர்.

இதையெல்லாம் போன விடுமுறையில் பாட்டியிடம் சொன்னேன். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அந்தத் தூண்களை இப்போது யாராவது அளந்துகொண்டிருக்கிறார்களா என்று கேட்டார்.